சேம அச்சு எங்கே?

சென்ற தீபாவளிக்கு முதல்நாள் மாலை, பதுளை நகருக்கு அண்மையிலுள்ள என் வீட்டு முற்றத்தில் இரண்டு கார்கள் அருகருகே நின்றன. ஒன்று, காலஞ்சென்ற என் தமையனார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர். மற்றது, அவருடைய மகன் கொழும்பிலிருந்து ஓட்டி வந்த ஜப்பானியச் சிறு கார். முன்னது என்னிலும் வயதில் மூத்தது. பின்னதற்கு இன்னும் பத்து வயது நிரம்பவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்த தமையனார் மகன், "சித்தப்பா, இந்தப் பழச வித்துருவோம். நல்ல வெலைக்குக் கேக்கிறாங்க. இத வச்சி என்னா செய்யப் போறோம்?" என்றான்.

அவ்வளவுதான், வீட்டில் ஒரு பட்டிமன்றமே எழுந்துவிட்டது. என் மனைவியும் பிள்ளைகளும் புதியதன் கட்சி. அண்ணியாரும் அயல்வீட்டு முதியவரும் பழையதன் கட்சி. நடுவர் ஆசனத்தில் என்னை இருத்தினர். இலக்கணம் கற்பித்துக் காலங் கழிப்பவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர் நகைக்கலாம். ஆயினும், வழக்கை ஆராயும் நெறி எல்லாப் பொருளுக்கும் ஒன்றே. இரு பக்கத்து நியாயங்களையும் முற்றக் கேட்ட பின்னரே தீர்ப்புச் சொல்லல் வேண்டும். அன்றிரவு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பல நாள் சிந்தித்தபின் இங்கே சொல்கின்றேன்.

முதலில் பழையதன் வரலாற்றைச் சிறிது காண்போம். மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். ஸ்மேர்னா நகரிற் பிறந்து, போரினால் ஊரை இழந்து, அகதியாக இங்கிலாந்து சேர்ந்தவர். மாதிரி வண்டி ஒடுக்கமாயிருப்பது அவர் கண்ணுக்குப் பொருந்தவில்லை. அதனை நெடுக்காக இரண்டாக வெட்டுவித்து, நடுவில் நான்கு அங்குலம் கூட்டி அகலமாக்கினார். பொனட்டின் நடுவே தட்டையாக ஓடும் பட்டை அந்தத் திருத்தத்தின் அடையாளமாக இன்றும் இருக்கின்றது. நிறுவனத்தின் தலைவராகிய நஃபீல்ட் பிரபு அதனைக் கண்டு, ஓடு நீக்கி அவித்த முட்டை போலிருக்கிறது என்று இகழ்ந்தாராம். அவர் இகழ்ந்த அந்த முட்டையே பிரித்தானியக் கார்களுள் பத்து லட்சத்தை முதன்முதல் எட்டியது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது தொகை பதினாறு லட்சத்தையும் எட்டியிருந்தது. உருவத்தாற் சிறியதென்று எதனையும் எள்ளலாகாது என்பதற்குத் தேரின் அச்சாணியை எடுத்துக் காட்டினார் வள்ளுவர். நம் காலத்துக்கு இந்தச் சிறு காரையும் காட்டலாம்.

இலங்கையில் இக்கார் நெடுங்காலம் வாழ்ந்ததற்கு அதன் உறுதி மாத்திரம் காரணமன்று. 1960களின் தொடக்கத்திற் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. இல்லாமையே நம்மவரைக் கைவினைஞராக்கியது. கிடைக்காத உறுப்பைக் கடைசற்காரர் கடைந்து கொடுத்தார். துருப்பிடித்த தகட்டைத் தகரவேலைக்காரர் வெட்டி ஒட்டினார். இந்தத் திறமை எத்துணை உயர்ந்ததென்பதை அயலவரே அறிந்து பயன்கொண்டனர். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சாள்ஸ் வேயர் என்பார், 1990களில் இலங்கையிலே ஒரு தொழிற்சாலை அமைத்து, அக்காருக்குரிய உறுப்புக்களை நம்மவர் கைகளாற் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். மாணவன் ஆசிரியனுக்குப் பாடம் எழுதிக் கொடுத்தது போன்றது இது.

ஆனால், பழமை என்றவுடன் அதனைப் பொற்காலமென்று போற்றிவிடலாகாது. தோட்டத்தில் பிறந்தவன் அவ்வாறு போற்றுதல் இயலாது. துரையின் கார் வரும் ஒலி கேட்டால், தலைமுண்டாசை அவிழ்த்துக்கொண்டு கானோரத்தில் ஒதுங்கி நின்ற தலைமுறையைச் சேர்ந்தவர் என் பாட்டனார். கார் என்பது அவருக்கு ஏறிச் செல்லும் பொருளன்று. ஒதுங்கி நிற்க வேண்டிய பொருள். என் தமையனார் முதன்முதலாகக் காரைத் தொட்டதும் பங்களாவிற் கழுவித் துடைக்கும் பையனாகத்தான். கழுவும்போது பார்த்தார்; பார்த்ததைக் கேட்டார்; கேட்டதைக் கற்றார். பின்னர்ப் பதுளை நகரில் ஒரு சிங்களப் பாஸிடம் வேலை பழகினார். ஓடாது கிடந்த மொறிஸ் மைனர் ஒன்றைக் கடன்பட்டு வாங்கி, ஓராண்டு முயன்று உயிர்ப்பித்து, வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் காரினுள்ளே அமர்ந்தது அன்றுதான். இக்காரைப் பற்றி நான் பேசுவதில் ஒரு பாசம் கலந்திருப்பின், அதற்குக் காரணம் இதுவே. அதனை மறைத்துவிட்டு நடுவனெனப் பேசுதல் நேர்மையாகாது.

இனி, ஒப்புநோக்குவோம். தமையனாரின் கார் 948 கன சென்றிமீற்றர் எஞ்சினுடையது. அதன் வலு 37 குதிரை. ஜப்பானில் இச்சிறு வகுப்புக் கார்களுக்குச் சட்டம் வகுத்துள்ள எல்லை 660 கன சென்றிமீற்றர், நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர். எஞ்சின் பழையதன் மூன்றில் இரண்டு பங்கேயாயினும், இவ்வகுப்பிற் பல 50 குதிரை வலுவுக்கு மேல் தருகின்றன. மைனரின் நீளம் ஏறத்தாழ 3.76 மீற்றர். நீளத்திற் குறைந்த புதிய வண்டி உள்ளிடத்திற் குறையவில்லை. நால்வர் கால்நீட்டி அமரலாம். பெற்றோலையும் குறைவாகவே குடிக்கின்றது. 2022 ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தில், காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, அந்த வேறுபாட்டை நாங்கள் கண்கூடாக உணர்ந்தோம். பழையதை முற்றத்தில் நிறுத்திவிட்டு நான் பஸ்ஸிற் சென்றேன். இவ்வளவில் வெற்றி புதியதற்கே.

உயிர்க் காவலிலோ ஒப்பிடவே இடமில்லை. இன்று நாம் அணியும் மூன்று முனை ஆசனப்பட்டி 1959 ஆம் ஆண்டிலேதான் வொல்வோக் கார்களில் வந்தது. அதற்கு முன் வகுக்கப்பட்ட மைனர் பட்டியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று. முட்டுண்டால் அதன் சுக்கான் தண்டு ஓட்டுபவர் நெஞ்சை நோக்கி நிற்கும். பிரேக் எண்ணெய் நான்கு சில்லுகளுக்கும் ஒரே தொகுதியாகச் செல்வதால், குழாயில் ஓரிடத்தில் ஒழுகினும் நான்கும் கைவிடும். கைப்பிரேக் ஒன்றே துணை. புதிய கார்களில் அது இரு தொகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. ஒன்று போயின் மற்றது நிறுத்தும். ஈரத்தரையிற் சில்லு சறுக்காதபடி பிரேக்கை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும் அமைப்பும், மோதும் கணத்தில் விரியும் காற்றுப்பையும் உள்ளன. ஊவாவின் வீதிகளில் இவை ஆடம்பரமல்ல. 2021 மார்ச் 20 ஆம் நாள் பசறைப் பக்கத்தில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் மாண்டதையும், 2025 செப்டெம்பர் 4 ஆம் நாள் இரவு எல்ல–வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் வீழ்ந்து 15 பேர் மாண்டதையும் நாம் மறக்கவில்லை. இந்த மலைகளில் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவன் பழமைப் பற்றினாற் பட்டியில்லாத காரைத் தெரிந்தெடுப்பானாயின், அது பற்றன்று, பேதைமை.

அப்படியாயின் வழக்கு முடிந்ததல்லவா என்று கேட்பீர்கள். முடியவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் தமையனார் மகனுடன் புதிய காரில் ஹப்புத்தளை வழியாகப் பெரகலைக்கு இறங்கினேன். பாதி வழியில் ஏதோ கருகும் மணம் வீசியது. அவன் இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தவாறே வந்திருந்தான். கியர்க் கோலைச் சற்றுக் கீழிழுத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பதை அவன் அறியான். அக்கோலில் அந்த எழுத்து எதற்கு இருக்கிறது என்றுகூடக் கேட்டதில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லி, சூடு தணியும்வரை காத்திருந்தோம். "எந்தக் கியர்ல ஏறுவியோ, அதே கியர்ல எறங்கு" என்பது அவன் தந்தையார் வாக்கு. பழைய காரில் அந்த விதியை மறப்பது அரிது. மறந்தால் கார் முனகும், அதிரும், காலிலே கனக்கும். மலையின் பாரத்தை அது ஓட்டுபவன் உடம்புக்கே சொல்லிக் கொடுத்தது. புதிய கார் மலையை மறைத்துவிடுகின்றது. குறை காரிலில்லை, அது வேண்டிய கருவியைத் தந்தேயிருக்கின்றது. ஆனால், அறியாமலே ஓட்டலாம் என்னும் நம்பிக்கையையும் உடன் தந்துவிடுகின்றது.

மற்றொரு நிகழ்ச்சியும் சொல்வேன். 1990களில் ஒரு மழை இரவு, பசறைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணைத் தமையனார் பதுளை வைத்தியசாலைக்கு ஏற்றி வந்தார். துணைக்கு நானும் இருந்தேன். வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. மாற்ற வேண்டிய காலம் கடந்தும் மாற்றாதது எங்கள் தவறே. தமையனார் பதறவில்லை. பின்பெட்டியைத் திறந்தார். அதற்குள் ஒரு சிறு கடையே இருந்தது: ஃபேன் பெல்ட் ஒன்று, பிளக் நான்கு, பொயிண்ட் ஒரு சோடி, கம்பி, கிரீஸ் பம்பு, ஸ்பேனர்கள், எஞ்சினைக் கையாற் சுழற்றும் இரும்புக் கைப்பிடி, மேலதிகச் சில்லு. நான் டோர்ச் பிடித்தேன். அந்தப் பெண்ணின் தாயார் குடை பிடித்தார். கால் மணி நேரத்துள் பெல்ட்டை மாட்டி, ஓடையில் நீர் மொண்டு ரேடியேற்றரை நிரப்பிப் புறப்பட்டோம். குழந்தை வைத்தியசாலையிலேயே பிறந்தது. பிற்காலத்தில் என் வகுப்பிலிருந்து தமிழ் படித்தது.

இதற்கு மாறானதொன்றைச் சென்ற மாதம் கண்டேன். பண்டாரவளைக் கடைவீதியில் நிறுத்திய புதிய கார் மறுபடி புறப்படவில்லை. முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அருகிலிருந்த கராஜ்காரர் பொனட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "கம்பியூட்டர்ல போட்டுப் பாத்தாத்தான் தெரியும், ஐயா" என்றார். அந்தக் கணினி அவரிடமில்லை. காரை வேறொரு லொறியில் ஏற்றி அனுப்பினோம். மூன்று நாளின் பின், விரல்நுனியளவான ஓர் உணர்கருவி பழுதென்று செய்தி வந்தது. தமையனார் மகன் பின்பெட்டியைத் திறந்து காட்டினான். பல புதிய கார்களிற் போல அதிலும் மேலதிகச் சில்லு இல்லை. பஞ்சரை அடைக்கும் பசைக் குப்பியும் ஒரு சிறு காற்றுப் பம்பும் மாத்திரமே இருந்தன.

அப்பொழுது எனக்கு நினைவு வந்தது புறநானூறு. அதன் 102 ஆம் பாட்டில், அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் ஒரு விந்தையான பொருளுக்கு உவமிக்கின்றார். உப்பு வணிகர் தம் வண்டிகளில் மிகுந்த பாரம் ஏற்றி மேடும் பள்ளமும் கடந்து தொலைவு செல்வர். வழியில் என்ன நேருமோ யாரறிவார் என்று, வண்டியின் அடியிலே இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுவர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அந்த அச்சுப் போன்றவன் இந்த இளையவன் என்கிறார் புலவர். அரசிளங்குமரனை வாளுக்கோ சூரியனுக்கோ உவமியாமல், வண்டிக்கடியில் எவர் கண்ணிலும் படாது தொங்கும் ஒரு மரத்துண்டுக்கு உவமித்தார். ஆபத்துக்கு உதவுவதன் அருமையை அறிந்த உள்ளம் அது.

பழைய காருக்கும் புதிய காருக்கும் உள்ள மெய்யான வேறுபாடு இந்தச் சேம அச்சிலேதான் இருக்கின்றது. சேம அச்சென்றது மேலதிகச் சில்லை மாத்திரமன்று. பழுதைக் கண்டறியும் அறிவையுந்தான். பழைய கார் அதிகம் பழுதுபட்டது. ஆனால் தன் மருந்தைத் தன்னுடனேயே கொண்டு திரிந்தது. அதன் முன்சில்லைத் தாங்கும் திருகுமூட்டுக்குக் காலந்தோறும் கிரீஸ் ஏற்றாவிடின், சில்லு மடங்கி வண்டி முகங்குப்புற விழும் என்பது உலகறிந்த குறை. ஆயினும் அக்குறையையும் அதன் பரிகாரத்தையும் பதுளை கராஜ்களில் வேலை பழகும் பையனும் அறிந்திருந்தான். புதிய கார் அருமையாகவே பழுதுபடுகின்றது. பட்டால் அதன் சேம அச்சு எங்கோ தொலைவில், பூட்டிய கணினியொன்றினுள் இருக்கின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட ஐந்தாண்டில், இருப்பதைக் காக்கும் அறிவே செல்வமென்பதை நாடு இரண்டாம் முறையும் கற்றது.

இந்த அறிவு எங்கள் குடும்பத்தை ஒருமுறை காத்தது. 1983 ஜூலையிற் கொழும்பு எரியும் செய்தி மலைக்கு ஏறியபோது எனக்கு வயது பதினைந்து. கலவரம் பதுளையை அடைவதற்கு முதல்நாள் இரவே, தமையனாரின் குருவாகிய அந்தச் சிங்களப் பாஸ், காரைத் தம் கராஜின் பின்புறம் கொண்டுவரச் செய்தார். இருவருமாக நான்கு சில்லுகளையும் கழற்றினர். பொனட்டையும் கதவுகளையும் நீக்கினர். எஞ்சின் உறுப்புக்களைச் சாக்கிற் கட்டினர். வெற்றுக் கூட்டைச் செங்கல் அடுக்கின்மேல் நிறுத்திப் பழைய இரும்புக் குவியலுடன் சேர்த்துவிட்டனர். 27 ஆம் நாள் நகரிலே தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்தக் கூட்டைக் கண்டவர் அதனைக் கழிவு இரும்பென்றெண்ணிக் கடந்து சென்றனர். சில வாரங்களின் பின், அதே இரு மனிதர் அதே கைகளால் அதனை மீண்டும் காராக்கினர். அன்று முதல் அண்ணியார் அக்காரை விற்கும் பேச்சுக்கு இடங்கொடுத்ததில்லை. பிரித்தாலும் பொருத்தலாம் என்னும் அறிவு இருவர் கையிலும் இருந்தமையாலேதான் அது பிழைத்தது. இனம் வேறுபட்ட அவ்விருவரையும் இறுதிவரை பிணைத்ததும் அந்தக் கையறிவே.

இங்கே ஒரு தமிழாசிரியன் சொல்ல வேண்டியதும் உண்டு. பண்டிதர் வகுப்பிற் படித்துவந்த இளமைச் செருக்கில், கார் உறுப்புக்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் புனைந்து தமையனாருக்குப் படித்துக் காட்டினேன். கபரேற்றருக்கு 'எரிவளிக் கலப்பி' என்று சூட்டியிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்தப் பேரச் சொல்லிக் கேட்டா கடையில சாமான் குடுப்பானா?" என்றார். அன்று வெட்கினேன். இன்று எண்ணிப் பார்க்கையில், இருவரும் ஒரு பகுதியையே சொன்னோம் என்று தோன்றுகிறது. அவருக்கு ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயரிருந்தது. அது ஆங்கிலத்திலிருந்து சிதைந்ததாயினும், அவர் வாயில் தமிழாகிவிட்டது. சில்லு, அச்சு, ஆணி என்பவற்றோடு பொயிண்டும் பிளக்கும் ஒரே பந்தியில் அமர்ந்தன. பெயர் சொல்லத் தெரிந்த பொருளை மனிதன் அஞ்சுவதில்லை. புதிய காரின் உள்ளுறுப்புக்களுக்கு என் மாணவரிடம் எந்தப் பெயருமில்லை. நல்ல தமிழுமில்லை, சிதைந்த ஆங்கிலமுமில்லை. அவர்களுக்கு அது ஒரு மூடிய பெட்டி. பெயரில்லாத இடத்தில் அறிவு வேரூன்றுவது எவ்வாறு?

ஆகவே என் தீர்ப்பு இதுவாகும். பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும் நெடுவழி போகவும் புதிய காரே தக்கது; இதில் ஐயமில்லை. பழைய காரை விற்கலாகாது. அது புதியதிலும் சிறந்ததென்பதற்காக அன்று, அது இன்னும் நமக்குப் பாடம் சொல்லக்கூடிய ஆசான் என்பதற்காக. ஆனால் நம் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய காரை வைத்துக்கொள்வதால் நாட்டின் குறை தீராது. இன்று தோட்டத்து இளைஞர் பலர் முச்சக்கர வண்டியும் லொறியும் ஓட்டுகின்றனர். பாட்டன் ஒதுங்கி நின்ற வீதியிற் பேரன் சுக்கான் பிடிப்பது பெருமைக்குரியதே. எனினும், ஓட்டுவதோடு நின்றுவிட்டால், இன்னொரு வகையில் நாம் கானோரத்திலேதான் நிற்கின்றோம். மின்கலமும் கணினியும் கொண்ட புதிய வண்டிகளைப் பிரித்துப் பொருத்தும் கல்வி, மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு விளங்கும் தமிழில், அவர்கள் ஊருக்கு அண்மையிலேயே கிடைக்க வேண்டும். அதற்கு வேண்டிய சொற்களைப் பண்டிதர் தனித்திருந்து புனையாமல், கராஜில் எண்ணெய்க் கையோடு நிற்பவரிடம் கேட்டு அமைக்க வேண்டும். என் பங்குக்கு அதனைச் செய்ய நான் ஆயத்தமாயிருக்கின்றேன். ஒருமுறை நகைப்புக்கிடமானவனுக்கு இரண்டாம் முறை அச்சமில்லை.

தீர்ப்பைத் தமையனார் மகனுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். சற்றுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "சரி சித்தப்பா, விக்க வேணாம். தைப்பொங்கலுக்கு வாறேன். அந்த முன்சில்லுக்கு எப்படி கிரீஸ் அடிக்கிறதுன்னு காட்டிக் குடுங்க" என்றான். அதனை நான் தமையனாரிடம் ஒருமுறைதான் கற்றேன். மறந்துபோயிருப்பேனோ என்று அஞ்சி, நேற்று மாலை கிரீஸ் பம்பை எடுத்துக்கொண்டு காரின் அடியிற் படுத்துப் பார்த்தேன். மறக்கவில்லை.